வாக்குரிமையும் விவாத விதியும்: அமெரிக்க செனட்டின் நெடும்பேச்சுத் தடையும் அடித்தள மக்கள் இயக்கங்களும் (1890–2022)

ஆய்வுச் சுருக்கம்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் வாக்குரிமைச் சட்டங்களின் வரலாறு பெரும்பாலும் போராட்டங்களின் வரலாறாகவோ நீதிமன்றத் தீர்ப்புகளின் வரலாறாகவோ எழுதப்படுகிறது. அச்சட்டங்கள் நிறைவேறுவதையும் நிறைவேறாமல் போவதையும் தீர்மானித்த மற்றொரு காரணி செனட் அவையின் விவாத விதியாகும். விவாதத்தை முடிவின்றி நீட்டி மசோதாவை வாக்கெடுப்புக்கு வரவிடாமல் தடுக்கும் உத்தி அங்கு 'ஃபிலிபஸ்டர்' எனப்படுகிறது. இக்கட்டுரை அதனை 'நெடும்பேச்சுத் தடை' என்னும் சொல்லால் குறிக்கிறது. 1890ஆம் ஆண்டு மசோதா முதல் 2022ஆம் ஆண்டு விதி மாற்ற முயற்சி வரையிலான நிகழ்வுகளைக் கொண்டு, அடித்தள மக்கள் இயக்கங்கள் இத்தடையை எவ்வாறு எதிர்கொண்டன என்பதை ஆராய்கிறது. வாக்கற்றவர் தமக்கு வாக்களிக்கும் சட்டத்தைத் தடுத்த அவையைத் தம் வாக்கால் மாற்ற இயலாத நிலையில் இருந்தனர். வாக்குள்ள பிற மாநில மக்களின் அழுத்தம் அவர்களோடு இணைந்தபோதே தடை உடைந்தது. அவ்வழி அடைபட்ட பின்னரே விதியை மாற்றுவது இயக்கங்களின் நேரடி இலக்காயிற்று என்பது இக்கட்டுரையின் முடிபாகும்.

திறவுச்சொற்கள்: வாக்குரிமை, செனட், நெடும்பேச்சுத் தடை, விவாத முடிப்பு, குடியுரிமைப் பள்ளிகள், செல்மா, 1965 வாக்குரிமைச் சட்டம், விதிச் சீர்திருத்தம்.

1. முன்னுரை

அமெரிக்கக் குடியரசில் ஒரு மசோதா சட்டமாவதற்குப் பிரதிநிதிகள் அவை, செனட் ஆகிய ஈரவைகளின் ஒப்புதலும் குடியரசுத் தலைவரின் கையொப்பமும் தேவை. அரசமைப்புச் சட்டத்தின்படி இரு அவைகளிலும் சாதாரணப் பெரும்பான்மையே சட்டமியற்றப் போதுமானது. ஆயினும் செனட்டில் வாக்கெடுப்பு நடப்பதற்கு முன் விவாதம் முடிவுக்கு வர வேண்டும். விவாதத்தை முடிப்பதற்கோ பெரும்பான்மையினும் மிகுதியான வாக்குகள் வேண்டும். இந்திய மக்களவையின் நடைமுறை விதிகளில், அவைத்தலைவர் ஏற்றுக்கொண்டால் விவாதத்தை முடிக்கும் தீர்மானத்தைச் சாதாரணப் பெரும்பான்மையே நிறைவேற்றிவிடும். செனட்டின் நிலை இதனின்று முற்றிலும் வேறுபட்டது.

வாக்காளர் பதிவிலும் இத்தகைய வேறுபாடு உண்டு. இந்தியாவில் வாக்காளர் பட்டியலை ஆயத்தம் செய்யும் பொறுப்பு தேர்தல் ஆணையத்தைச் சார்ந்தது. அமெரிக்காவில் தம்மைப் பதிவுசெய்துகொள்ளும் கடமை பெரும்பாலும் குடிமக்கள் மீதே சுமத்தப்பட்டது. தேர்தலை நடத்துவதும் பதிவு விதிகளை வகுப்பதும் மாநிலங்களின் கையில் இருந்தன. எனவே, பதிவு அலுவலகத்தின் வாயிலில் ஒருவரைத் திருப்பியனுப்பிவிட்டால் அவரது வாக்குரிமை அங்கேயே முடிந்துவிடும். பதிவு அலுவலகம், செனட் என்னும் இவ்விரு வாயில்களுக்கும் இடையே இருந்த தொடர்பே இக்கட்டுரையின் ஆய்வுப் பொருள்.

2. விவாத விதியின் தோற்றம்

நெடும்பேச்சுத் தடை அரசமைப்புச் சட்டத்தில் இடம்பெற்றதன்று. விவாதத்தை நிறுத்தி வாக்கெடுப்புக்குச் செல்லப் பயன்படக்கூடிய ஒரு தீர்மான முறை தொடக்கக் கால செனட் விதிகளில் இருந்தது. 1805இல் பதவி விலகவிருந்த துணைக் குடியரசுத் தலைவர் ஆரன் பர், அம்முறை பயன்பாட்டில் இல்லாததால் அதனை நீக்கலாம் எனக் கருத்துரைத்தார். 1806இல் விதிகள் திருத்தப்பட்டபோது அது நீக்கப்பட்டது. சிறுபான்மையினரைக் காக்கும் நோக்கில் திட்டமிட்டுச் செய்யப்பட்ட ஏற்பாடாக இதனைக் கொள்ள இயலாது. விதிநூலைச் சுருக்கும் முயற்சியில் நேர்ந்த நீக்கமே பின்னர் பெரும் அரசியல் ஆயுதமாயிற்று.

'ஃபிலிபஸ்டர்' என்னும் சொல் கடற்கொள்ளையரைக் குறித்த டச்சுச் சொல்லிலிருந்து ஸ்பானிய மொழி வழியாக ஆங்கிலத்திற்கு வந்தது. அவையின் நேரத்தைக் கைப்பற்றிக்கொள்ளும் உறுப்பினர்களைக் குறிக்க அச்சொல் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வழங்கலாயிற்று.

1917இல் முதல் உலகப்போர்ச் சூழலில், வணிகக் கப்பல்களுக்கு ஆயுதம் வழங்கும் மசோதா செனட்டில் தடைபட்டது. குடியரசுத் தலைவர் உட்ரோ வில்சன் இதனைக் கடுமையாகக் கண்டித்தார். அவ்வாண்டு மார்ச்சில் 22ஆம் விதி உருவாயிற்று. அவையில் இருந்து வாக்களிப்போரில் மூன்றில் இரு பங்கினர் இசைந்தால் விவாதத்தை முடிக்கலாம் என்பது அவ்விதி. இதுவே விவாத முடிப்பு முறையின் தொடக்கம். தடையை வரம்புக்குட்படுத்த எழுந்த அவ்விதி, தடைக்கு முதன்முறையாக எழுத்து வடிவிலான ஏற்பையும் அளித்தது.

3. 1890ஆம் ஆண்டு மசோதாவும் அதன் தோல்வியும்

உள்நாட்டுப் போருக்குப் பின் 1870இல் நிறைவேறிய பதினைந்தாம் அரசமைப்புத் திருத்தம், இனம், நிறம், முந்தைய அடிமை நிலை ஆகியவற்றின் பெயரால் வாக்குரிமையை மறுக்கலாகாது என்றது. ஆனால் தென் மாநிலங்களில் வன்முறையாலும் தேர்தல் மோசடியாலும் அவ்வுரிமை தேய்ந்தது. கூட்டாட்சித் தேர்தல்களை மைய அரசின் மேற்பார்வையாளர் கண்காணிக்க வகைசெய்யும் மசோதாவை ஹென்றி கபட் லாட்ஜ் பிரதிநிதிகள் அவையில் முன்வைத்தார். 1890 ஜூலையில் 155–149 என்னும் குறுகிய வேறுபாட்டில் அது நிறைவேறியது.

செனட்டில் ஜார்ஜ் ஃபிரிஸ்பி ஹோர் மசோதாவை முன்னெடுத்தார். ஜனநாயகக் கட்சியினர் நெடும்பேச்சால் காலங்கடத்தினர். தடையைக் கடக்க, பெரும்பான்மை வாக்கால் விவாதத்தை முடிக்கும் விதி மாற்றத்தை நெல்சன் ஆல்ட்ரிச் முன்மொழிந்தார். வெள்ளி நாணயக் கொள்கையில் அக்கறை கொண்ட மேற்கு மாநிலக் குடியரசுக் கட்சியினர் சிலர் எதிர்த்தரப்போடு சேர்ந்தமையால், 1891 ஜனவரியில் 35–34 என்னும் ஒரே வாக்கு வேறுபாட்டில் அம்முயற்சி ஒதுக்கப்பட்டது. விதி மாற்றமும் வாக்குரிமையும் ஒரே கணத்தில் தோற்றன. 2022இல் நிகழ்ந்ததற்கு முன்மாதிரி 1891லேயே இருந்தது என்பது கருதத்தக்கது.

அத்தோல்வியின் விளைவைத் தென் மாநிலங்களின் அரசமைப்புகளில் காணலாம். மிசிசிப்பி 1890இல் இயற்றிய புதிய அரசமைப்பு 2 டாலர் வாக்கு வரியையும், அரசமைப்பின் ஒரு பகுதியைப் படிக்கவோ கேட்டுப் பொருள் கூறவோ வேண்டும் என்னும் தேர்வையும் புகுத்தியது. பிற மாநிலங்கள் அதனைப் பின்பற்றின. இத்தேர்வுகளில் இனம் என்னும் சொல்லே இல்லை. எவருக்கு எப்பகுதியைக் கொடுப்பது, எவ்விளக்கத்தை ஏற்பது என்பன பதிவாளரின் விருப்பத்திற்கு விடப்பட்டன. லூசியானாவில் 1896இல் 1,30,334 ஆக இருந்த கறுப்பின வாக்காளர் எண்ணிக்கை 1904இல் 1,342 ஆகச் சுருங்கியது. இதன் பின் அம்மாநிலங்களின் செனட் உறுப்பினர்கள் கறுப்பின மக்களுக்கு விடைசொல்லும் தேவையற்றவராயினர்.

4. வாக்கு வரி எதிர்ப்பும் விதிச் சீர்திருத்தக் கோரிக்கையும்

வாக்கு வரி கறுப்பின மக்களை மட்டுமன்றி ஏழை வெள்ளையரையும் வாக்குச்சாவடிக்கு வெளியே நிறுத்தியது. 1940களில் தொழிற்சங்கங்களும் மகளிர் அமைப்புகளும் கறுப்பின அமைப்புகளும் இணைந்து வாக்கு வரி ஒழிப்பு இயக்கத்தை நடத்தின. தென் மாநில வெள்ளையரான வர்ஜீனியா டர் இதன் முன்னணிச் செயற்பாட்டாளர்களுள் ஒருவர். பிரதிநிதிகள் அவை அந்தப் பத்தாண்டில் ஐந்து முறை வாக்கு வரி ஒழிப்பு மசோதாவை நிறைவேற்றியது. செனட்டில் அவற்றுள் ஒன்றும் நிறைவேறவில்லை. 1946 ஜூலையில் விவாதத்தை முடிப்பதற்கு ஆதரவாக 39 வாக்குகளும் எதிராக 33 வாக்குகளும் விழுந்தன. பெரும்பான்மை கிடைத்தும் மூன்றில் இரு பங்கு கிடைக்காமையால் மசோதா மடிந்தது.

இந்த அனுபவத்திலிருந்தே, விதியை மாற்றாமல் சட்டம் வராது என்னும் கருத்து வலுப்பெற்றது. 1950இல் ஏ. ஃபிலிப் ராண்டால்ஃப், ராய் வில்கின்ஸ், ஆர்னால்ட் ஆரன்சன் ஆகியோர் உருவாக்கிய குடியுரிமைத் தலைமை மாநாடு என்னும் கூட்டமைப்பு, 22ஆம் விதியைத் தளர்த்துவதைத் தன் கோரிக்கைகளுள் ஒன்றாக வைத்தது. புதிய காங்கிரஸ் கூடும்போதெல்லாம் விதிகளைப் பெரும்பான்மையால் புதிதாக ஏற்கலாம் என்பது சீர்திருத்தவாதிகளின் வாதம். 1957இல் அவைக்குத் தலைமை வகித்த துணைக் குடியரசுத் தலைவர் ரிச்சர்ட் நிக்சன் அதற்கு இசைவான ஆலோசனைக் கருத்தை வெளியிட்டார். அவை அதனை ஏற்கவில்லை. 1949இல் விதி மேலும் இறுக்கப்பட்டு, அவையின் மொத்த உறுப்பினரில் மூன்றில் இரு பங்கு தேவையென ஆகியிருந்தது. 1959இல்தான் அது முந்தைய அளவுக்குத் திரும்பியது.

1957ஆம் ஆண்டு குடியுரிமைச் சட்டம் தென் மாநில உறுப்பினர் ஏற்கும் அளவுக்கு வலுவிழந்த பின்னரே நிறைவேறியது. அந்நிலையிலும் தென் கரோலினாவின் ஸ்ட்ராம் தர்மண்ட் 24 மணி 18 நிமிடம் தனியொருவராகப் பேசினார். அப்பேச்சு சட்டத்தைத் தடுக்கவில்லை. ஆயினும் தடையின் உண்மையான வலிமை நீண்ட பேச்சில் இல்லை. தடை வரும் என்னும் அச்சத்தால் மசோதாக்கள் முன்கூட்டியே நலிவுற்றமையிலேயே இருந்தது என்பதை அச்சட்டம் காட்டுகிறது.

5. பதிவு அலுவலகத்தின் வாயிலில்: குடியுரிமைப் பள்ளிகளும் மிசிசிப்பியும்

செனட்டில் வழி அடைபட்ட அதே ஆண்டுகளில் தென் மாநிலச் சிற்றூர்களில் வேறொரு பணி தொடங்கியது. தென் கரோலினாவின் ஜான்ஸ் தீவில் ஈசா ஜென்கின்ஸ் தம் பேருந்தில் சார்லஸ்டன் நகருக்கு வேலைக்குச் செல்வோரை ஏற்றிச் சென்றவர். வாக்காளர் தேர்வுக்குரிய அரசமைப்புப் பகுதிகளைப் பயணத்தின்போதே அவர்களுக்குக் கற்பித்தார். 1957 ஜனவரியில், ஹைலேண்டர் நாட்டார் பள்ளியின் துணையுடன், அங்கு முதல் குடியுரிமைப் பள்ளி ஒரு கூட்டுறவுக் கடையின் பின்னறையில் தொடங்கியது. தேசிய கறுப்பின முன்னேற்றச் சங்கத்தின் உறுப்பினர் என்பதால் ஆசிரியப் பணியை இழந்திருந்த செப்டிமா கிளார்க் பாடமுறையை வகுத்தார். அழகுக்கலைத் தொழில் செய்துவந்த பெர்னீஸ் ராபின்சன் முதல் ஆசிரியரானார். வெள்ளையர் வாடிக்கையை நம்பாத தொழில் என்பதால் அவரை வேலைநீக்க மிரட்டலால் அடக்க இயலவில்லை. பெயரெழுதுதல், அஞ்சல் படிவம் நிரப்புதல், அரசமைப்பைப் படித்தல் என்னும் வரிசையில் முதியோர் கற்றனர். 1961இல் தென்னகக் கிறித்தவத் தலைமை மாநாடு இத்திட்டத்தை ஏற்று மாநிலங்கள் தோறும் விரித்தது.

மிசிசிப்பியில் மாணவர் வன்முறையற்ற ஒருங்கிணைப்புக் குழுவினர் 1961 முதல் வாக்காளர் பதிவுப் பணியில் ஈடுபட்டனர். 1962 ஆகஸ்ட் 31 அன்று ஃபேனி லூ ஹேமர் என்னும் பருத்திப் பண்ணைத் தொழிலாளி, வேறு பதினேழு பேருடன் இந்தியனோலா நீதிமன்றக் கட்டடத்திற்குப் பதிவுக்காகச் சென்றார். தேர்வில் தோற்றார். வீடு திரும்பிய அன்றே, பல்லாண்டுகள் உழைத்த பண்ணையிலிருந்து வெளியேற்றப்பட்டார். அடுத்த ஆண்டு ஜூனில் வினோனா சிறையில் கொடுமையாகத் தாக்கப்பட்டார். 1964 ஆகஸ்டில் ஜனநாயகக் கட்சி மாநாட்டின் தகுதிக் குழு முன் அவர் அளித்த சாட்சியம் தொலைக்காட்சி வழியே நாடெங்கும் சென்றது.

இப்பணிகள் பதிவு எண்ணிக்கையில் உடனடிப் பெருக்கத்தைத் தரவில்லை. 1965 தொடக்கத்தில் மிசிசிப்பியின் வாக்களிக்கும் வயதுடைய கறுப்பின மக்களில் 6.7 விழுக்காட்டினரே பதிவு பெற்றிருந்தனர். ஆனால் இவை இரண்டு பயன்களை விளைவித்தன. ஒன்று, உள்ளூர்த் தலைமை உருவானது. மற்றொன்று, மறுக்கப்பட்ட ஒவ்வொரு விண்ணப்பமும் சான்றாக மாறியது. தென் மாநில மக்கள் வாக்களிக்க விரும்பவில்லை என்னும் கூற்றை அச்சான்றுகள் பொய்ப்பித்தன.

6. 1964: வாக்குள்ள மாநிலங்களின் அழுத்தம்

1964 பிப்ரவரியில் பிரதிநிதிகள் அவை குடியுரிமை மசோதாவை 290–130 என நிறைவேற்றியது. செனட்டில் ஜார்ஜியாவின் ரிச்சர்ட் ரஸ்ஸல் தலைமையில் தென் மாநில உறுப்பினர் மூன்று அணிகளாகப் பிரிந்து முறைவைத்துப் பேசினர். ஆறு பேர் பேச்சுப் பணியில் இருக்கையில் மற்றவர் ஓய்வெடுத்தனர். தடை 60 அலுவல் நாள்கள் நீடித்தது.

விவாதத்தை முடிக்கக் குடியரசுக் கட்சியின் நடுமேற்கு மாநில உறுப்பினர்களது வாக்குகள் இன்றியமையாதன. அயோவா, நெப்ராஸ்கா போன்ற மாநிலங்களில் கறுப்பின வாக்காளர் மிகக் குறைவு. ஆனால் தேவாலயங்கள் வலுவானவை. தேசியத் திருச்சபைகள் மன்றமும் கத்தோலிக்க, யூத அமைப்புகளும் அம்மாநிலச் சபைகளில் மடல் எழுதும் இயக்கத்தை நடத்தின. இறையியல் மாணவர்கள் ஏப்ரல் முதல் மசோதா நிறைவேறும் வரை லிங்கன் நினைவகத்தின் அருகே இரவும் பகலும் இறைவேண்டல் விழிப்பிருந்தனர். தேசிய கறுப்பின முன்னேற்றச் சங்கத்தின் கிளாரன்ஸ் மிட்செல் அவையின் தாழ்வாரங்களில் உறுப்பினர்களைத் தொடர்ந்து சந்தித்தார். குடியரசுக் கட்சித் தலைவர் எவரெட் டர்க்சன் இசைந்ததும் நிலை மாறியது.

ஜூன் 10 அன்று 71–29 என விவாதம் முடிக்கப்பட்டது. ஆதரித்தவருள் 44 பேர் ஜனநாயகக் கட்சியினர். 27 பேர் குடியரசுக் கட்சியினர். மூளைக் கட்டியால் பேச்சிழந்திருந்த கலிஃபோர்னியாவின் கிளேர் எங்கிள் சக்கர நாற்காலியில் கொண்டுவரப்பட்டு, தம் கண்ணைச் சுட்டிக்காட்டி இசைவை உணர்த்தினார். குடியுரிமை மசோதா ஒன்றின் மீதான நெடும்பேச்சுத் தடை விவாத முடிப்பு வாக்கால் உடைக்கப்பட்டது இதுவே முதன்முறை. தெற்கில் வாக்கில்லாதவரின் கோரிக்கை, வடக்கிலும் நடுமேற்கிலும் வாக்குள்ளவரின் மடல்களாக அவைக்குள் நுழைந்தது. அந்த இணைப்பே இவ்வெற்றியின் அடிப்படை எனலாம்.

7. செல்மாவும் 1965ஆம் ஆண்டுச் சட்டமும்

1964ஆம் ஆண்டுச் சட்டத்தில் வாக்குரிமைப் பகுதி வலுவற்றிருந்தது. அலபாமாவின் டாலஸ் வட்டத்தில் மக்கள்தொகையில் பாதிக்கு மேற்பட்டோர் கறுப்பினத்தவர். பதிவு பெற்றவரோ அவர்களுள் ஏறத்தாழ 2 விழுக்காட்டினர். அங்கு அமீலியா பாய்ன்டன் உள்ளிட்டோரைக் கொண்ட டாலஸ் வட்ட வாக்காளர் கழகம் பல்லாண்டுகளாக இயங்கிவந்தது. 1965இல் மார்ட்டின் லூதர் கிங் செல்மாவுக்கு வந்தது அக்கழகத்தின் அழைப்பின் பேரில்தான்.

பிப்ரவரியில் அருகிலுள்ள மேரியன் நகரில் ஜிம்மி லீ ஜாக்சன் என்னும் இளைஞர் மாநிலக் காவலரால் சுடப்பட்டு இறந்தார். மார்ச் 7 அன்று ஜான் லூயிஸ், ஹோசியா வில்லியம்ஸ் ஆகியோர் தலைமையில் ஏறத்தாழ 600 பேர் எட்மண்ட் பெட்டஸ் பாலத்தைக் கடந்தபோது, காவலர் தடியாலும் கண்ணீர்ப்புகையாலும் தாக்கினர். அன்றிரவே அக்காட்சி தொலைக்காட்சியில் ஒளிபரப்பாயிற்று. எட்டு நாள்களுக்குப் பின் குடியரசுத் தலைவர் லிண்டன் ஜான்சன் காங்கிரசின் கூட்டுக் கூட்டத்தில் வாக்குரிமைச் சட்டத்தைக் கோரினார்.

இம்முறையும் தென் மாநில உறுப்பினர் தடையில் ஈடுபட்டனர். மே 25 அன்று 70–30 என விவாதம் முடிக்கப்பட்டது. ஆதரவு வாக்குகளில் 47 ஜனநாயகக் கட்சியினுடையவை, 23 குடியரசுக் கட்சியினுடையவை. ஆகஸ்ட் 6 அன்று சட்டம் கையொப்பமானது. எழுத்தறிவுத் தேர்வு போன்ற தடைகளை வைத்திருந்து, பதிவோ வாக்களிப்போ பாதிக்கும் குறைவாக இருந்த பகுதிகளில் அத்தேர்வுகளை அது நிறுத்திவைத்தது. அங்கு மைய அரசின் பதிவு அலுவலரை அனுப்ப வகைசெய்தது. அப்பகுதிகள் தேர்தல் விதிகளை மாற்றுமுன் மைய அரசின் முன்னொப்புதல் பெற வேண்டும் என்றது. மிசிசிப்பியில் கறுப்பினத்தவரின் பதிவு 1967இல் 59.8 விழுக்காடாக உயர்ந்தது. முக்கால் நூற்றாண்டுக் காலம் தடுக்கப்பட்ட சட்டம் இரண்டே ஆண்டுகளில் விளைவித்த மாற்றம் இது.

8. 1975ஆம் ஆண்டு விதி மாற்றமும் எதிர்பாரா விளைவும்

1975 மார்ச்சில் வால்டர் மாண்டேல், ஜேம்ஸ் பியர்சன் ஆகியோரின் முயற்சியால் 22ஆம் விதி திருத்தப்பட்டது. அவையின் மொத்த உறுப்பினரில் ஐந்தில் மூன்று பங்கினர், அதாவது 60 பேர், விவாதத்தை முடிக்கப் போதும் என ஆயிற்று. இது சீர்திருத்த இயக்கத்தின் நெடுங்கால உழைப்பின் பயன்.

ஆயினும் அதே பத்தாண்டில் வேறொரு நடைமுறை வேரூன்றியது. ஒரு மசோதா தடைபட்டிருக்கையில் அதனை ஒதுக்கிவைத்துவிட்டு வேறு அலுவல்களைத் தொடரும் இருதட முறையை அவைத் தலைவர் மைக் மான்ஸ்ஃபீல்ட் கொண்டுவந்தார். அவை முடங்காமல் காக்க வந்த அம்முறை, தடைசெய்வோரின் சுமையையும் நீக்கிவிட்டது. முன்னர் அவர்கள் நின்று பேச வேண்டியிருந்தது. அவர்களது பேச்சும் களைப்பும் மக்கள் பார்வைக்கு வந்தன. இப்போது எதிர்க்கும் எண்ணத்தை அறிவித்தாலே போதும். 60 வாக்கைத் திரட்டும் பொறுப்பு பெரும்பான்மையினரைச் சேர்ந்தது. 2013–14ஆம் ஆண்டுக் காங்கிரசில் மட்டும் 250க்கும் மேற்பட்ட விவாத முடிப்புத் தீர்மானங்கள் முன்வைக்கப்பட்டன. எப்போதேனும் பயன்பட்ட கருவி அன்றாட நிபந்தனையாக மாறியது.

9. 2013–2022: இலக்கு விதியாதல்

1965ஆம் ஆண்டுச் சட்டம் பலமுறை நீட்டிக்கப்பட்டது. 2006இல் செனட் 98–0 என அதனை நீட்டித்தது. 2013 ஜூன் 25 அன்று ஷெல்பி வட்டம் எதிர் ஹோல்டர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 5–4 என்னும் பெரும்பான்மையில், முன்னொப்புதலுக்குரிய பகுதிகளைத் தீர்மானிக்கும் சூத்திரத்தைச் செல்லாதது என்றது. புதிய சூத்திரத்தைக் காங்கிரஸ் வகுக்கலாம் என்றும் தீர்ப்பு கூறியது. அவ்வாறு வகுக்கும் சட்டம் செனட்டைக் கடக்க வேண்டும் என்பதால் பழைய வாயில் மீண்டும் குறுக்கிட்டது.

வட கரோலினாவில் வில்லியம் பார்பர் தலைமையில் 2013இல் தொடங்கிய 'அறத் திங்கள்' மறியல்கள் மாநில அளவில் வாக்குரிமையை முன்வைத்தன. 2020 ஜூலையில் ஜான் லூயிஸ் மறைந்தார். அவரது இறுதிச் சடங்கில் முன்னாள் குடியரசுத் தலைவர் பராக் ஒபாமா, வாக்குரிமைச் சட்டத்துக்குத் தேவையெனில் நெடும்பேச்சுத் தடையை ஒழிக்க வேண்டும் என்றார். அதன் பின் விவாத விதி, வல்லுநர் வட்டத்திலிருந்து பொதுமேடைக்கு வந்தது.

2021இல் ஜார்ஜியா, டெக்சாஸ் ஆகிய மாநிலங்கள் வாக்களிப்பு நடைமுறைகளை இறுக்கும் சட்டங்களை இயற்றின. டெக்சாஸ் சட்டமன்றத்தின் ஜனநாயகக் கட்சி உறுப்பினர் பலர், அவையின் குறைவெண்ணை இல்லாமலாக்கும் பொருட்டு, ஜூலையில் வாஷிங்டன் சென்றனர். அம்மாத இறுதியில் ஏழை மக்கள் இயக்கம் ஜார்ஜ்டவுனிலிருந்து ஆஸ்டின் வரை நடைப்பயணம் மேற்கொண்டது. டிசம்பரில் அரிசோனா மாணவர்கள் உண்ணாநோன்பிருந்தனர். 2022 ஜனவரியில் கிங் குடும்பத்தினர் வாஷிங்டனில் பேரணி நடத்தினர். இவற்றின் கோரிக்கை இரட்டையாக இருந்தது: மசோதாவை நிறைவேற்றுக, அதற்குத் தடையான விதியை மாற்றுக.

இயக்கங்கள் சுட்டிய முரண் ஒன்று கவனத்திற்குரியது. 2021 டிசம்பரில் அரசின் கடன் வரம்பை உயர்த்துவதற்காக, 60 வாக்கு நிபந்தனைக்கு ஒருமுறை மட்டும் விலக்களிக்கப்பட்டது. 2013இல் பெரும்பாலான நியமனங்களுக்கும் 2017இல் உச்ச நீதிமன்ற நியமனங்களுக்கும் அந்நிபந்தனை ஏற்கெனவே நீக்கப்பட்டிருந்தது. கடனுக்கும் நியமனத்துக்கும் அளித்த விலக்கு வாக்குரிமைக்கு ஏன் இல்லை என்று ஜார்ஜியா உறுப்பினர் ரஃபேல் வார்னாக் உள்ளிட்டோர் வினவினர்.

2022 ஜனவரி 19 அன்று வாக்குரிமை மசோதாமீதான விவாதத்தை முடிக்கும் முயற்சி தோற்றது. தொடர்ந்து, அம்மசோதாவுக்கு மட்டும் உறுப்பினர் நேரில் நின்று பேசியே தடைசெய்ய வேண்டும் என்னும் விதி மாற்றம் 48–52 எனத் தோற்றது. ஜனநாயகக் கட்சியின் ஜோ மான்சின், கிர்ஸ்டன் சினெமா ஆகிய இருவரும் மசோதாவை ஆதரித்து, விதி மாற்றத்தை எதிர்த்தனர்.

10. மறுதரப்பு வாதங்கள்

நெடும்பேச்சுத் தடையை ஆதரிப்போரின் வாதங்களைப் புறந்தள்ள இயலாது. அது இரு கட்சிகளும் இணங்கிச் செல்லும் கட்டாயத்தை உருவாக்குகிறது. குறுகிய பெரும்பான்மை ஒருமுறை இயற்றிய தேர்தல் சட்டத்தை அடுத்த குறுகிய பெரும்பான்மை தலைகீழாக்குவதைத் தடுக்கிறது என்பன அவை. 2017இல் இரு கட்சிகளையும் சேர்ந்த 61 செனட் உறுப்பினர் சட்டமியற்றலில் இவ்விதியைக் காக்கக் கோரும் மடலில் கையொப்பமிட்டனர். அவ்வாறு கையொப்பமிட்ட ஜனநாயகக் கட்சியினருள் பலர் 2022இல் விலக்கை ஆதரித்தனர். விதி பற்றிய நிலைப்பாடு, எத்தரப்பு பெரும்பான்மையில் உள்ளது என்பதைப் பொறுத்து மாறுவதை இது காட்டுகிறது.

எனினும் வாக்குரிமைச் சட்டம் பிற சட்டங்களோடு ஒப்ப வைக்கத்தக்கதன்று. வரியிலோ வணிகத்திலோ தவறான சட்டம் இயற்றப்பட்டால், பாதிக்கப்பட்டவர் அடுத்த தேர்தலில் அதனைத் திருத்தலாம். வாக்கு மறுக்கப்பட்டவருக்கு அவ்வழி இல்லை. 1891 முதல் 1964 வரையிலான காலத்தில் விதியால் காக்கப்பட்ட சிறுபான்மை, தன் மாநிலங்களில் வேறொரு சிறுபான்மையின் வாக்கைப் பறித்துத் தன் இடத்தைப் பெற்றிருந்தது. சிறுபான்மைப் பாதுகாப்பு என்னும் வாதம் இவ்வரலாற்றின் முன் விளக்கம் தர வேண்டியதாகிறது.

11. முடிவுரை

நெடும்பேச்சுத் தடை வாக்குரிமையை ஒடுக்குவதற்காகப் படைக்கப்பட்டதன்று. ஆனால் 1891க்குப் பின் அந்நோக்கத்திற்கு மிகுதியும் பயன்பட்டது. அதனைக் கடக்க மூவகை முயற்சிகள் நிகழ்ந்தன. மசோதாவை வலுவிழக்கச் செய்து நிறைவேற்றுதல் 1957இல் கண்டது. இரு கட்சிகளிலிருந்தும் மூன்றில் இரு பங்கு வாக்குகளைத் திரட்டுதல் 1964, 1965 ஆகிய ஆண்டுகளில் வென்றது. விதியையே மாற்றுதல் 1891இலும் 2022இலும் தோற்றது.

1965இன் வெற்றியை மக்கள் எழுச்சி ஒன்றினால் மட்டும் விளக்க இயலாது. வாக்குரிமைக் கேள்வி அன்று கட்சிகளுக்குள் பிளவை உண்டாக்கியிருந்தது. எனவே ஒரு கட்சியின் எதிர்ப்பாளரை மறு கட்சியின் ஆதரவாளரைக் கொண்டு ஈடுசெய்ய முடிந்தது. 2022இல் அப்பிளவு கட்சிகளுக்கு இடையே அமைந்துவிட்டது. 2006இல் 98–0 என ஒருமனதாக நீட்டிக்கப்பட்ட சட்டத்தை மீட்க, பதினாறு ஆண்டுகளுக்குப் பின் மறு கட்சியிலிருந்து போதிய வாக்குகள் கிடைக்கவில்லை. பாலத்தில் நடந்தவரின் துணிவைப் போன்றதே நடைப்பயணத்தினரின் துணிவும். மாறியது அத்துணிவு சென்றுசேர வேண்டிய அவை.

ஜான்ஸ் தீவின் பின்னறை வகுப்புக்கும் செனட் விவாதத்துக்கும் இடையே எட்டாண்டுத் தொலைவு இருந்தது. பதிவு அலுவலகத்தில் திரண்ட சான்றுகளே 1965இல் செனட்டின் வாயிலைத் திறக்க உதவின. இவ்விரண்டையும் தனித்தனியே ஆராயும் போக்கைக் கடந்து, அவை விதிகளின் வரலாற்றையும் மக்கள் இயக்க வரலாற்றையும் இணைத்துக் காண்பது வாக்குரிமை ஆய்வுக்கு இன்றியமையாதது. பிற நாட்டுச் சட்டமன்றங்களின் நடைமுறை விதிகளும், எவருடைய குரல் சட்டமாகிறது என்பதை எவ்வாறு தீர்மானிக்கின்றன என்பது மேலும் ஆராயத்தக்க களமாகும்.